கறுத்தால் கவலை இல்லை, சிவந்தால்தான்

ஆற்றோடு போவோம் – 12

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கொல்லிமலைத் திண்ணனூர் நாட்டில் உடுத்திய துணி காய மூன்று நாள் ஆகும். கொல்லிமலையின் மேல்தளம் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. மேகம் மலைக்கு மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். அப்படி ஒரு மழை வாரத்தில் அங்கே ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். வாழைத்தார் வெட்டிய கொடுவாளைக் கழுவி, கூரையின் எறவானத்தில் செருகிவிட்டுப் படுத்தேன். விடிந்து எடுத்தபோது அதன் வாய் நெடுக மஞ்சள் கலந்த சிவப்பில் ஒரு மெல்லிய பொடி படர்ந்திருந்தது. ஒரே ராத்திரி.

வீட்டுத் தாத்தா வாங்கிப் பார்த்தார். கட்டை விரலால் வாயை ஒருமுறை வழித்தார். விரல் சிவந்தது. அதே விரலால் அலகின் நடுவே இருந்த கருநீலக் கறையை வழித்தார். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

“கறுத்துக் கெடந்தா கவலப்படாத தம்பி. செவந்துச்சுன்னாதான் ஒடனே பாக்கோணும்.”

“கழுவித்தானே தாத்தா வெச்சேன்?”

“கழுவுன. தொடச்சியா?”

துடைக்கவில்லை. அவர் சாம்பலைத் தொட்டுத் தேய்த்து, அடுப்பு அனலில் ஒரு நிமிஷம் காட்டி, துணியில் விளக்கெண்ணெய் தொட்டுத் தடவினார். அடுப்புக்கு மேலே மிளகு காயும் பரணில் வைத்தார். அந்த வீட்டுக் கத்திகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. புகையும் சூடும் படுகிற இடத்தில் ஈரம் தங்காது.

படகில் போகும்போது போடும் உயிர்காப்பு அங்கியைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியபோது, அதில் ஒரு கத்தி செருகியிருக்க வேண்டும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். எந்தக் கத்தி என்று கேட்டு எழுதியவர்கள் பலர். படகுக் கத்திக்குப் பதில் சொல்ல மலைக் கத்தியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்தத் தாத்தாவின் கட்டை விரல் அளவுக்கு எனக்கு யாரும் தெளிவாகக் காட்டியதில்லை.

இரும்பு, நீர், காற்று மூன்றும் கூடினால் துரு. சிவப்புத் துரு பொரிந்து பொரிந்து உதிரும். உதிருமுன் பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியில் உள்ள இரும்பையும் தின்னும். கறுப்பு அப்படி அல்ல. வாழைக் கறையில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கருநீலப் படலமாக ஒட்டிக்கொள்கிறது. அது உதிராது, அடி இரும்பை ஓரளவு காக்கவும் செய்யும். அதனால்தான் மலையில் வேலை செய்கிற கத்தி எதுவும் பளபளப்பாக இருப்பதில்லை. பளபளவென்று தேய்த்து வைக்கிறவர் அந்தக் காப்பையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்.

நாமக்கல் லாரிக்குப் பேர்போன ஊர். பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை கொல்லர் பட்டறைக்குப் போய்க் கொடுவாளாகத் திரும்பி வருவது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பட்டையில் நூற்றுக்கு அரை பங்குக்குச் சற்று மேலாகக் கரி இருக்கிறது. பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்தால் நல்ல பதம் ஏறும். பலாக் கிளையை ஒரே வீச்சில் எடுக்கும். ஆனால் துருவைத் தடுக்கும் குரோமியம் அதில் பெயருக்குத்தான். தினமும் துடைத்து எண்ணெய் தடவ ஒரு கையும், காயவைக்க ஒரு பரணும் இருக்கிற வரை அது நூறு வேலை செய்யும். படகில் பரண் கிடையாது. அலகு காலையில் நனைந்தால் மாலை வரை நனைந்தபடியே உறைக்குள் கிடக்கும். ஆகவே நம் மலைக் கொடுவாளைப் படகுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் மேல் உள்ள மதிப்பினாலேயே சொல்கிறேன்.

“எவர்சில்வரில் ஒரு கத்தி வாங்கினால் தீர்ந்தது” என்பது அடுத்த யோசனை. பாதி சரி. வீட்டில் இருக்கும் நல்ல எவர்சில்வர் தட்டில் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு குரோமியம், எட்டு பங்கு நிக்கல். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் அந்தப் படலம் தானே மூடிக்கொள்ளும். ஆனால் அந்தத் தகட்டை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் பதம் ஏறாது. அதில் கத்தி செய்தால் நாலு கயிறு அறுத்ததும் வாய் மடங்கிவிடும். கத்திக்கு வேறு வகை எஃகு வேண்டும்: குரோமியமும் இருக்க வேண்டும், பதம் ஏறுமளவுக்குக் கரியும் இருக்க வேண்டும். ஒரு காந்தத்தை எடுத்துப் பாருங்கள். நல்ல எவர்சில்வர் தட்டில் அது பெரும்பாலும் ஒட்டாது. துருப்பிடிக்காத சமையல் கத்தியில் ஒட்டும். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு வீட்டிலேயே கிடைக்கும் சாட்சி அது.

இந்த இரண்டாம் வகை எஃகுக்குப் பேர் வாங்கித் தந்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி. 1913-ல், துப்பாக்கிக் குழல் அரிக்காமல் இருக்க வழி தேடியபோது கிடைத்ததைக் கத்திக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டார். ஷெஃபீல்டுக்கும் நமக்கும் அதற்கு முன்பே ஒரு தொடர்பு உண்டு. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். அதற்கான தாது சேலத்து மலைகளிலிருந்து போனது. எப்படிப் போனது தெரியுமா? பரிசலில். கொள்ளிடம் வழியாக இறங்கி, கான்சாகிப் வாய்க்காலில் திரும்பிப் பரங்கிப்பேட்டை சேர்ந்தது. ஹீத் பின்னர் ஷெஃபீல்டுக்குப் போய், உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கினார். மூங்கில் பரிசலில் இரும்புக் கல்லை ஏற்றி அத்தனை தூரம் துடுப்புப் போட்ட அந்தப் பரிசல்காரர்களை நினைக்காமல் என்னால் கொள்ளிடத்தைப் பார்க்க முடிவதில்லை. இன்று அதே சேலத்தில், கஞ்சமலைப் பக்கம், 1981 முதல் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டுகிறார்கள்.

அந்தப் பரங்கிப்பேட்டையில்தான் எனக்கும் பாடம் கிடைத்தது. ஒரு மார்கழியில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் துடுப்புப் படகில் போனேன். இடுப்பில் மடக்குக் கத்தி. விலை கூடியது, கடையில் துருப்பிடிக்காது என்று சொல்லித் தந்தது. முதல் நாள் முழுக்க உப்புத் தண்ணீர் பட்டது. இரவு கழுவவில்லை. மறுநாள் அறுந்து மிதந்த நைலான் வலை ஒன்று துடுப்பிலும் என் மணிக்கட்டிலும் சுற்றிக்கொண்டது. கத்தியை எடுத்தால் திறக்கவில்லை. மடிப்பு ஆணியில் மணலும் உப்பும் துருவும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். நீரோட்டம் படகைக் குறுக்கே திருப்பிக்கொண்டிருந்தது. பக்கத்துப் படகிலிருந்து ஒரு மீனவர் நெருங்கி வந்து, சாதாரணக் குட்டைக் கத்தியால் நாலு இழுப்பில் வலையை அறுத்துவிட்டார். அவர் கத்தியின் பிடியில் ஆரஞ்சு நிறக் கயிறு சுற்றியிருந்தது. முனை மொட்டையாக இருந்தது. அலகில் ஒரு பொட்டுத் துரு இல்லை.

கரைக்கு வந்து என் கத்தியைக் கல்லில் தட்டித் திறந்தேன். அலகின் மேல்பக்கம் பளபளப்பாகவே இருந்தது. மடிப்புக்குள் போகிற இடத்தில் மட்டும் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள், ஒவ்வொன்றின் அடியிலும் கறுத்த சிவப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பிலுள்ள குளோரைடு குரோமியப் படலத்தை அங்கங்கே துளைக்கும். காற்றுப் புகாத இடுக்கில் படலம் மறுபடி மூட வழியில்லை. அதனால் துரு அலகின் வெளியில் தொடங்காமல் மடிப்பிலும் பிடியின் அடியிலும் ஆணி ஓரத்திலும் தொடங்குகிறது. இடுக்கு குறைந்த கத்தியே படகுக் கத்தி. மடக்குக் கத்தி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

எஃகைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். கரி கூடக் கூட வாய் நெடுநாள் நிற்கும். ஆனால் அந்தக் கரி குரோமியத்தைத் தன்னோடு கட்டி இழுத்துக்கொள்ளும். படலத்துக்கு மிஞ்சுவது குறையும். 440சி என்ற வகையில் குரோமியம் 16 முதல் 18 பங்கு வரை இருந்தாலும் கரி ஒரு பங்கு அளவுக்கு இருக்கிறது. உப்புத் தண்ணீரில் அதை நம்பி விட்டுவிட முடியாது. 420 என்பதில் கரி குறைவு, குரோமியம் 12 முதல் 14 பங்கு. வாய் சீக்கிரம் மழுங்கும்; துரு லேசில் அண்டாது. இரண்டுக்கும் நடுவே ஸ்வீடன் நாட்டு 12சி27: கரி 0.6, குரோமியம் 13.5. விலை குறைந்த ஸ்வீடன் கத்திகள் பலவற்றில் இதுதான் அலகு. ஆற்றுக்கு இது தாராளம். கடலுக்கு ஏற்றவை, கரியைக் குறைத்து நைட்ரஜனைச் சேர்த்தவை. ஜப்பானின் எச்1, தாங்குருளைகளுக்காக உருவான எல்சி200என் இரண்டும் அந்த வகை. உப்பில் ஊறினாலும் அசையாது. விலை கையைச் சுடும். டைட்டானியம் துருவே பிடிக்காது, வாய் நிற்காது. பீங்கான் அலகு கல்லில் பட்டால் சில்லாகும். அதைப் படகுப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம்.

வாசலூர்ப்பட்டி படகு இல்லத்தில் அரை மணி நேரம் துடுப்புப் போடுகிறவருக்குக் கத்தியே வேண்டாம். ஜேடர்பாளையம் படுகை அணைப் பக்கமோ ஒகேனக்கல்லிலோ நாள் முழுக்க ஆற்றில் இருப்பவருக்கு 420 அல்லது 12சி27 போதும். பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற உப்பங்கழிகளில் அடிக்கடி போகிறவர், கடலில் போகிறவர், பணம் இருந்தால் நைட்ரஜன் எஃகு வாங்கட்டும். இல்லாவிட்டால் 420 வாங்கி வாரத்துக்கு ஒருமுறை சாணை பிடிக்கட்டும். என்னிடம் இப்போது இருப்பது 420 தான். மழுங்கிய வாயை அரை மணி நேரத்தில் தீட்டிவிடலாம்; பள்ளம் விழுந்த வாயை என்ன செய்தாலும் பழையபடி ஆக்க முடியாது.

மற்றதை அந்த மீனவரின் கத்தியைப் பார்த்தே சொல்லிவிடலாம். மூன்று அங்குல அலகு போதும். முனை மொட்டையாக இருக்க வேண்டும்: பரிசலுக்கு முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாள், அலைக்கழிப்பில் கூர்முனை அதையும் குத்தும், பக்கத்தில் இருப்பவர் தொடையையும் குத்தும். வாயின் பாதி ரம்பப்பல்லாக இருந்தால் நனைந்த நைலான் கயிறு வழுக்காமல் அறுபடும். பிடி கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கட்டும். மரப்பிடியும் பித்தளை ஆணியும் கரையில் அழகு, உப்பில் ஆகாது. பித்தளையும் எஃகும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டில் ஒன்று வேகமாக அரிபடும்.

உறையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. துருவில் பாதி அங்கேதான் வருகிறது. தோல் உறை நனைந்தால் வாரக்கணக்கில் ஈரம் விடாது. அடியில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் உறையாகப் பாருங்கள். ஓட்டை இல்லாவிட்டால் நீங்களே சூட்டுக்கோலால் ஒன்று போட்டுவிடுங்கள். உயிர்காப்பு அங்கியின் முன்பக்கம், இரண்டு கையும் எட்டுகிற இடத்தில் அது இருக்க வேண்டும். மணிக்கட்டில் கயிற்றால் கட்டிக்கொள்ளாதீர்கள். சிக்கலை அவிழ்க்கப் போய் இன்னொரு சிக்கல் சேரும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று ஆனவை தவிர, ஆயுத விதிகளுக்குள் வரும். மூன்று அங்குலக் கத்திக்கு அந்தக் கவலை இல்லை. விமானத்தில் கைப்பையில் மட்டும் வைக்காதீர்கள்.

போன மாதம் மறுபடி திண்ணனூர் நாட்டுக்குப் போனபோது என் 420 கத்தியைத் தாத்தாவிடம் காட்டினேன். நகத்தின் மேல் வாயை வைத்துப் பார்த்தார். “வாழத்தாருக்கு ஆகாது” என்றார். கொஞ்சம் பொறுத்து, “தண்ணிக்கு ஆகும். ஆனா எவ்வளவு நல்ல இரும்பா இருந்தாலும் தொடைக்காம வெக்காத” என்றார்.

இந்த மழைக்காலத்தில் ஆற்றுக்கோ கழிக்கோ கிளம்புகிறவர்களுக்கு என் வேண்டுகோளும் அதுதான். கரையேறியதும் முதல் வேலையாக நல்ல தண்ணீரில் கத்தியையும் உறையையும் தனித்தனியே கழுவுங்கள். பிடியோரத்தை ஒரு பழைய பல்துலக்கியால் தேய்த்துத் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். டீ குடிப்பதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.