இனுவிட் சமூகங்களில் பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம்

இனுவிட் சமூகங்களில் பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம் என்பது கனடாவின் வடபகுதியிலும் கிரீன்லாந்திலும் வாழும் இனுவிட் மக்களிடையே பால்வினை நோய்கள், கருத்தடை, மகப்பேறு ஆகியவற்றின் நிலையை ஆராயும் நோய்ப்பரவலியல் துறைப் பொருளாகும். சிறிய மக்கள்தொகை, நெடுந்தொலைவு, குடியேற்ற ஆட்சியின் வரலாறு ஆகிய மூன்றும் இதன் தரவுகளைப் புரிந்துகொள்ள இன்றியமையாதவை.

பின்னணி

கனடாவின் நுனாவுட் ஆட்சிப்பகுதி 1999 ஏப்ரல் 1 அன்று உருவாக்கப்பட்டது. 2021 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள்தொகை 36,858 ஆகும். மக்கள் 25 குடியிருப்புகளில் வாழ்கின்றனர். இவற்றை நாட்டின் பிற பகுதிகளுடன் இணைக்கும் சாலைகள் இல்லை. வானூர்தியே முதன்மைப் போக்குவரத்து. தலைநகர் இக்கலுயிட்டில் மட்டுமே மருத்துவமனை உண்டு. ஏனைய ஊர்களில் செவிலியர்கள் நடத்தும் நலவாழ்வு நிலையங்களே உள்ளன.

அளவீட்டுச் சிக்கல்கள்

நோய் வீதம் பொதுவாக 100,000 பேருக்கு இத்தனை பேர் எனக் குறிக்கப்படுகிறது. 1,000 பேர் வாழும் ஊரில் ஓராண்டில் 5 பேருக்கு நோய் கண்டால் வீதம் 500 ஆகும். மறு ஆண்டில் 10 பேருக்குக் கண்டால் அது 1,000 ஆகிவிடும். ஐந்து பேர் கூடியதற்கே வீதம் இரு மடங்காவதால், பல ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு ஒப்பிடுவதே பொருத்தமானது.

வயதுப் பரம்பலும் கருதத்தக்கது. நுனாவுட் மக்கள் கனடாவிலேயே மிக இளையோர். கிளமிடியா 15 முதல் 24 வயதினரிடையே அதிகம் காணப்படும் நோயாதலால், வயது சீர்செய்யாத ஒப்பீடு வேறுபாட்டை மிகைப்படுத்தக்கூடும். மேலும், அதிகம் சோதிக்கும் இடத்தில் அதிக நோயாளர் கண்டறியப்படுவர்.

பால்வினை நோய்கள்

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டாலும் வேறுபாடு பெரிதே. நுனாவுட்டின் கிளமிடியா வீதம் பல ஆண்டுகளாகக் கனடாவின் சராசரியைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்காகப் பதிவாகியுள்ளது. வெட்டை நோயும் மிகுதியாக உள்ளது. 2012 முதல் சிபிலிசு நோயும் அங்கு பரவத் தொடங்கியது.

கிளமிடியா பெரும்பாலான பெண்களில் அறிகுறி எதையும் காட்டுவதில்லை. சிகிச்சை பெறாவிடில் இடுப்புக்குழி அழற்சி, கருக்குழாயில் கருத்தரித்தல், மலட்டுத்தன்மை ஆகியன ஏற்படலாம். சிபிலிசு கருவிலுள்ள குழந்தைக்கும் தொற்றும். எனினும் இரண்டுமே நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளால் குணப்படுத்தத்தக்கவை.

நோய் நீடிப்பதற்கான காரணங்களை மக்களின் ஒழுக்கத்தில் தேடுவது தவறாகும். மாதிரிகள் வானூர்தியில் தெற்கே அனுப்பப்படுவதால் முடிவு வரத் தாமதமாகிறது. அதற்குள் தொற்று பிறருக்குப் பரவிவிடுகிறது. செவிலியர்கள் அடிக்கடி மாறுகின்றனர். அனைவரும் ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் இரகசியம் காப்பது கடினமாதலால் பலர் சோதனைக்கு வரத் தயங்குகின்றனர். வீட்டுப் பற்றாக்குறையும் இளைஞர்களின் தனிமையைப் பாதிக்கிறது. 2023 இல் கனடாவில் ஒப்புதல் பெற்ற உடனடி சிபிலிசு சோதனை, முதல் வருகையிலேயே சிகிச்சை தொடங்க வழி செய்கிறது.

மகப்பேறு

1970களில் கருவுற்ற இனுவிட் பெண்களைப் பிரசவத்திற்காகத் தெற்கே அனுப்பும் நடைமுறை வலுப்பெற்றது. பெண்கள் பேறுகாலத்திற்குப் பல வாரங்கள் முன்னரே குடும்பத்தையும் மூத்த குழந்தைகளையும் பிரிந்து, தம் மொழி பேசப்படாத நகரங்களில் தங்க வேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாக, கியூபெக் மாகாணத்தின் வடக்கேயுள்ள நுனாவிக் பகுதியின் புவிர்னிதுக் ஊரில் 1986 இல் மகப்பேற்று நிலையம் தொடங்கப்பட்டது. இனுவிட் பெண்களின் கோரிக்கையே இதற்கு அடிப்படை. உள்ளூர்ப் பெண்கள் மருத்துவச்சிகளாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். பின்னர் இனுக்சுவாக், சல்லுயிட் ஆகிய ஊர்களுக்கும் இது விரிவடைந்தது. ஆபத்து மிகுந்த பேறுகளுக்கு மட்டும் பெண்கள் தெற்கே அனுப்பப்படுகின்றனர்.

கிரீன்லாந்துக் கருத்தடை நிகழ்வு

1960களின் பிற்பகுதியில் டென்மார்க் அதிகாரிகள் கிரீன்லாந்தில் கருத்தடை வளையத் திட்டத்தை நடைமுறைப்படுத்தினர். 1966 முதல் 1970 வரை ஏறத்தாழ 4,500 பெண்களுக்கு வளையம் பொருத்தப்பட்டது. இது கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பாதியாகும். அவர்களில் பலருக்கு, பள்ளிச் சிறுமியர் உட்பட, தம் இசைவின்றியே இது செய்யப்பட்டது. பிறப்பு வீதம் சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பிறப்பு வீத வரைபடம் மட்டும் பார்ப்பவருக்கு இது வெற்றி பெற்ற குடும்பநலத் திட்டமாகத் தோன்றும். இசைவு பெறப்பட்டதா என்பதை வரைபடம் காட்டாது. 2022 இல் வானொலித் தொடர் ஒன்றின் மூலம் இது பரவலாக வெளிப்பட்டது. 2025 இல் டென்மார்க் பிரதமர் மெட்டே பிரெடெரிக்சன் மன்னிப்புக் கோரினார்.

ஆய்வு நெறிமுறை

இத்தகைய அனுபவங்களால் நலப் பணியாளர்கள் மீதும் ஆய்வாளர்கள் மீதும் ஐயம் நிலவுகிறது. கனடாவின் இனுவிட் மக்களின் தேசிய அமைப்பான இனுவிட் தப்பிரீட் கனாட்டமி 2018 இல் வெளியிட்ட ஆய்வுக் கொள்கை, தம்மைப் பற்றிய தரவுகள் மீது தமக்கே உரிமை வேண்டும் என வலியுறுத்துகிறது. மக்கள் நம்பி வந்து சோதனை செய்துகொண்டால்தான் தரவே கிடைக்கும் என்பதால், இது நெறிமுறைக் கோரிக்கை மட்டுமன்றி நல்ல நோய்ப்பரவலியலுக்கான நிபந்தனையுமாகும்.