மினரல் ஆயில்: மேலுக்குப் பூசலாம், மூக்கில் விடலாமா?

"பேபி ஆயில் எந்த விதையை ஆட்டி எடுக்கிறது, அத்தை?" என்று என் அண்ணன் மகள் கேட்டாள். பாட்டிலைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். 'மினரல் ஆயில்' அல்லது 'லிக்விட் பாரஃபின்' என்று போட்டிருந்தால் அது விதையிலிருந்து வந்ததல்ல. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் தருகிற அதே கச்சா எண்ணெயிலிருந்து வந்தது. "ஐயையோ!" என்றாள்.

பயப்பட வேண்டாம், சகோதரிகளே. சூட்சுமம் சுத்திகரிப்பதில் இருக்கிறது. சரியாகச் சுத்திகரிக்காத மினரல் எண்ணெய்கள் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்தது அந்தக் கணக்கில் சேராது. அதற்காகத் தையல் மிஷின் எண்ணெயை எடுத்து உடம்பில் தேய்த்துவிடாதீர்கள்!

எதற்கு உதவும்?

இது தோலுக்கு ஊட்டம் தராது. ஈரம் வெளியேறாமல் காவல் காக்கும், அவ்வளவுதான். அதனால் குளித்ததும் துண்டால் ஒற்றிவிட்டு, லேசான ஈரத்தோடு தடவினால் பலன் அதிகம். கைக்குழந்தையின் தலையில் பொருக்குத் தட்டியிருந்தால், சிறிது தடவி ஊறவிட்டு, மிருதுவான பிரஷ்ஷால் நீக்கி அலசலாம். வேர்க்குரு இருக்கும்போது மட்டும் வேண்டாம். வியர்வைத் துவாரம் இன்னும் அடைத்துக்கொள்ளும்.

எங்கே ஆபத்து?

எனக்குள்ள கவலையெல்லாம், எண்ணெய்க் குளியலன்று குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு விடும் பழக்கத்தைப் பற்றித்தான். தண்ணீர் புரையேறினால் உடனே இருமல் வரும். மினரல் ஆயிலோ இருமலைக்கூடத் தூண்டாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கேயே தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் ஆனாலும் மூக்கில் விட வேண்டாம். பாட்டி கோபித்தால் பரவாயில்லை, பக்குவமாகச் சொல்லுங்கள்.

மலச்சிக்கலுக்கு லிக்விட் பாரஃபின் கொடுப்பதுண்டு. டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. கைக்குழந்தைக்கும் படுத்த படுக்கையான முதியவருக்கும் கூடவே கூடாது. நாள்கணக்கில் சாப்பிட்டால் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர்வதையும் தடுக்கும்.

குழந்தை குடித்துவிட்டால்?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வெளியே வரும்போதுதான் நுரையீரலுக்குள் போகும் அபாயம் அதிகம். இருமல், மூச்சிரைப்பு வருகிறதா என்று காத்துக்கொண்டிராமல் டாக்டரிடம் ஓடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு. அமெரிக்காவில் இத்தகைய நீர்த்த எண்ணெய்களுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று 2001-ல் விதியே செய்தார்கள்.

உங்கள் வீட்டு பாட்டிலில் சாதாரண மூடிதானா? எண்ணெய் தேய்த்து முடித்ததும் அதைத் தரையில் விடாமல், எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு அப்புறம் குழந்தையைக் குளிப்பாட்டுங்கள்.