கவசம் முந்தட்டும், வாகனம் பிந்தட்டும்!

காலி வீதி நெரிசலிலே நாள்தோறும் ஊர்ந்து செல்லும் வெள்ளவத்தை இளைஞனுக்கும், கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய தெருக்களிலே லொறிகளுக்கிடையே வழி தேடும் அவன் தோழனுக்கும் பொதுவான கனவொன்று உண்டு. தார் வீதி முடிந்து, கிரவல் பாதை தொடங்கி, அதுவும் கல்லும் மண்ணுமாய்த் தேய்ந்து, தேயிலைச் செடிகளுக்கு நடுவே மலைமீது ஏறும் இடத்திலே தானும் தன் மோட்டார் சைக்கிளும் தனித்து நிற்கவேண்டும் என்பதே அக்கனவு. இராப்போசன வேளையில் இந்தப் பேச்சு எழுந்ததும் அம்மாவின் முகம் வாடுகிறது. அப்பா பத்திரிகைக்குப் பின்னே மறைந்துகொள்கிறார்.

"வேண்டாம்" என்று ஒரே சொல்லில் மறுத்துவிடுதல் எளிது. ஆனால் மறுக்கப்பட்ட இளைஞன் நண்பனின் வண்டியை இரவல் வாங்கி, காலிலே செருப்பும் தலையிலே தளர்ந்து ஆடும் ஒரு கவசமுமாக மலையேறிவிடுவதும் உண்டு. "சரி" என்று சொல்லிவிடுதலும் எளிதே. அப்பொழுது சேமிப்பு முழுவதும் வண்டிக்கே போய்விடுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. பணத்தை எண்ணி வைக்கும்போது முதற்பங்கை உடலைக் காக்கும் கவசத்திற்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக் கொண்டே வண்டியைத் தேடவேண்டும் என்பதே அவ்வழி.

இக்காலத்தில் இந்த ஒழுங்கு மிகவும் அவசியமாகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வண்டிகளின் விலை வானளாவ உயர்ந்தது. இருப்பதையெல்லாம் வண்டிக்கே கொட்டிவிட்டுக் கவசத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிற சோதனையும் அதனாலே வளர்ந்தது.

விழுதலும் விளையாட்டின் ஒரு பகுதி

கரடுமுரடான நிலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது நேற்று முளைத்த ஆசையன்று. 1924 மார்ச் 29 ஆம் திகதி இங்கிலாந்தின் கேம்பர்லி என்னுமிடத்தில் நடந்த போட்டியே இவ்வகைப் போட்டிகளுக்கு முதலாவதென்பர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஸ்கிராம்பிள்'. தட்டுத்தடுமாறி ஏறுதல் என்று பொருள் கொள்ளலாம். பின்னர் அது 'மோட்டோகுரொஸ்' என்ற பெயரோடு உலகெங்கும் பரவிற்று. நமது நாட்டிலும் 1934 முதல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டியும், 1993 முதல் தியத்தலாவையில் பொக்ஸ்ஹில் சுப்பர்குரொஸ் போட்டியும் வாகன விளையாட்டில் பெயர் பெற்றவை.

தார் வீதியிலே விழுவது விபத்து. மண் பாதையிலோ, நன்றாக ஓட்டுபவனும் ஒரே நாளில் இரண்டு மூன்று முறை விழுந்தெழுவான். பெங்களூரைச் சேர்ந்த சி. எஸ். சந்தோஷ் என்னும் வீரர் உலகின் மிகக் கடினமான டக்கார் ஓட்டத்தை 2015 இல் முடித்து, அதனைச் சாதித்த முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். அத்தகையவரே 2021 ஜனவரியில் சவூதி அரேபியப் பாலைவனத்திலே கடுமையாக விழுந்து, பல நாள் நினைவிழந்த நிலையில் வைத்தியசாலையில் கிடந்து, பின்னர் தேறினார். அவ்வாண்டு முதல் அப்போட்டியில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒவ்வொருவரும் காற்றுப்பை பொருத்திய மேலங்கி அணிவது கட்டாயமாயிற்று. யானைக்கும் அடி சறுக்கும் என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

தலைக்கவசம்

'அரேபியாவின் லோரன்ஸ்' என்று புகழ்பெற்ற ஆங்கிலேயர் 1935 மே மாதத்தில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்களை விலக்கப்போய், தம் மோட்டார் சைக்கிளிலிருந்து எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்களின் பின் உயிர் பிரிந்தது. அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர்களுள் ஒருவரான ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் அந்த மரணத்தை மறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2008 இல் வெளியான மதிப்பீடு ஒன்று, தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறதெனக் கண்டது.

கவசத்தின் வன்மை அதன் வெளி ஓட்டில் மட்டும் இல்லை. உள்ளே வெண்ணிறமான, இலேசான நுரைப்பொருள் ஒன்று தடிப்பாக அமைந்திருக்கும். மோதும்போது அந்நுரை நசுங்கித் தன்னையே அழித்துக்கொண்டு அதிர்ச்சியை உறிஞ்சுகிறது. ஒருமுறை நசுங்கிய நுரை மீண்டும் எழாது. ஆகவே பலமாக அடிபட்ட கவசத்தைப் பளபளப்பாகத் துடைத்து வைத்தாலும் பயனில்லை. பிறர் பாவித்த தலைக்கவசத்தை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கலாகாது என்பதும் இதனாலேயே.

வாங்கும்போது புருவத்திற்குச் சற்று மேலாகத் தலையைச் சுற்றி அளந்துகொள்க. கவசத்தை அணிந்து, வாரைப் பூட்டி, தலையை இடமும் வலமும் அசைத்தால் கவசம் தனியே ஆடாமல் கன்னத்துத் தோலையும் கூடவே இழுக்கவேண்டும். பின்புறத்தைப் பிடித்து முன்னே தள்ளினால் கழன்று வரக்கூடாது. எஸ்.எல்.எஸ். 517 என்ற நமது நாட்டுத் தரத்தையோ, ஈ.சி.ஈ. 22.06 என்ற ஐரோப்பியத் தரத்தையோ குறிக்கும் அடையாளம் உண்டா என்று பார்க்கவேண்டும். மண் பாதைக்குரிய கவசத்தில் நாடிப்பகுதி முன்னே நீண்டிருக்கும். மூச்சு வாங்க இடமிருக்கும். வெயிலையும் சேற்றையும் தடுக்க நெற்றியில் ஒரு மறைப்பு இருக்கும். தூசு புகாத கண்ணாடியைத் தனியே அணிவது வழக்கம்.

கால் முதல் மார்பு வரை

தலைக்கு அடுத்தபடி பணம் செலவிட வேண்டியது காலுக்கே. வண்டி சரியும்போது ஓட்டி இயல்பாகவே காலை ஊன்றுகிறான். கல்லுக்கும் நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்புக்கும் நடுவே அந்தக் கணுக்கால் அகப்படுகிறது. பாடசாலைச் சப்பாத்தோ, ஓட்டப் பயிற்சிச் சப்பாத்தோ அங்கே உதவா. முழங்காலுக்குக் கீழ் வரை உயர்ந்து, கணுக்கால் பக்கவாட்டில் மடங்காதபடி விறைப்பாக அமைந்து, கொளுவிகளால் இறுகப் பூட்டும் சப்பாத்தே வேண்டும். முதல் சில நாட்கள் கியர் மாற்றுவதற்குக்கூடச் சிரமமாயிருக்கும். பழகப் பழக இசைந்துவிடும்.

முழங்கால், முழங்கை, தோள் ஆகியவற்றின் கவசங்களில் ஈ.என். 1621-1 என்ற ஐரோப்பியக் குறி இருக்கிறதா என்று நோக்குக. குறிப்பிட்ட வேகத்தில் ஓர் எடையை விழச்செய்து, மறுபுறம் ஊடுருவும் விசையை அளந்து இத்தரத்தை வழங்குகிறார்கள். முதல் நிலைக் கவசம் சராசரியாக 35 கிலோநியூட்டனுக்கு மேல் விடாது. இரண்டாம் நிலைக் கவசம் 20 இற்கு மேல் விடாது. முதுகுக் கவசத்திற்கோ 1621-2 என்ற தனிக் குறி உண்டு. அங்கே எல்லைகள் 18, 9 என இறங்குகின்றன. பௌதிகவியல் படிக்கும் மாணவர் இதன் கருத்தை உடனே உணர்வர்: எண் சிறிதாக ஆக, எலும்புக்குப் போய்ச் சேரும் அடியும் சிறிதாகிறது. முன்னே செல்லும் வண்டியின் சில்லு வாரியிறைக்கும் கற்களுக்கு மார்புக் கவசமும், கொப்புளம் வராமல் பிடியை இறுக்க மெல்லிய கையுறையும் வேண்டும்.

இங்கே கொழும்பு வாசிகள் சிறப்பாகச் சிந்திக்கவேண்டிய விடயம் ஒன்றுண்டு. நமக்கு மண் பாதை வாசலில் இல்லை. கண்டிக்கே ஏறத்தாழ 115 கிலோமீற்றர் தார் வீதியில் ஓடவேண்டும். மண் பாதைக்கென்று தைத்த மெல்லிய சட்டை தார் வீதியில் சறுக்கினால் நொடியில் கிழிந்துபோகும். அங்கே தேவைப்படுவது உராய்வைத் தாங்கும் தடித்த அங்கி. அவுஸ்திரேலியாவின் கன்பரா வட்டாரத்தில் விபத்துக்குள்ளான 212 ஓட்டிகளைப் பற்றி 2011 இல் வெளியான ஆய்வில், மோட்டார் சைக்கிளுக்கென்று செய்த மேலங்கி அணிந்தோர் வைத்தியசாலையில் தங்க நேரும் வாய்ப்பு 21 சதவீதமும், அதற்குரிய காற்சட்டை அணிந்தோருக்கு 51 சதவீதமும், கையுறை அணிந்தோருக்கு 59 சதவீதமும் குறைந்திருந்தது. எனவே போகும் வழிக்கு ஓர் அங்கி, சென்ற இடத்தில் கவசம் என இரண்டையும் கொள்ளுதல் நன்று. காற்றோட்டமுள்ள வலைத்துணி அங்கியின் உள்ளே கவசங்களை அணிந்து இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வாரும் உளர். நமது புழுக்கத்திற்கு அதுவே பொருத்தம்.

வண்டியைத் தெரிதல்

போட்டிக்கென்றே செய்யப்பட்ட வண்டிக்கு விளக்கில்லை, சமிக்ஞையில்லை. பொது வீதிக்கு அது உரியதன்று. இரு வகைப் பாதைக்கும் ஏற்ற வண்டியே நமக்கு வேண்டும். 1968 இல் யமஹா நிறுவனம் வெளியிட்ட டி.டி. 1 என்ற 250 சி.சி. வண்டி இந்த இனத்தைப் பொதுமக்களிடையே பரப்பிற்று. 1985 இல் வந்த அதே நிறுவனத்தின் செரோ, மலைச்சரிவில் தாவும் ஜப்பானியக் காட்டாட்டின் பெயரைச் சூடியது. செரோவும், ஹொண்டா எக்ஸ்.ஆர். 250 பாஜாவும், சுசுக்கி ஜெபெலும் இங்கே பாவித்த வண்டிகளாகக் கைமாறுகின்றன.

புதியவன் பார்க்கவேண்டியது வேகமன்று, உயரமும் எடையுமே. ஆசனத்தில் அமர்ந்து இரு கால்களின் முன்பாதமாவது தரையில் படவேண்டும். 2016 இல் வெளிவந்த சென்னை றோயல் என்பீல்டின் ஹிமாலயன் வண்டியில் ஆசனம் 800 மில்லிமீற்றர் உயரமே. ஆனால் எடை ஏறத்தாழ 200 கிலோ. செரோ 250 இன் ஆசனம் 830 மில்லிமீற்றர். எடையோ சுமார் 130 கிலோ. தாழ்ந்தது எளிதென்று தோன்றினும், சேற்றிலே சாய்ந்த வண்டியைத் தனியே தூக்கும்போது அந்த 70 கிலோ வித்தியாசம் முதுகெலும்புக்குத் தெரியும். வாங்குமுன் உரியவரின் சம்மதத்தோடு வண்டியைப் புல்தரையில் மெல்லச் சாய்த்து, ஒருவனாகத் தூக்கி நிறுத்திப் பாருங்கள். முடியாவிட்டால் அவ்வண்டி உங்களுக்குரியதன்று.

முன்சில்லு 21 அங்குலமும் பின்சில்லு 18 அங்குலமுமாய், கம்பிகள் பூட்டியதாய் இருந்தால் கல்லில் ஏறுவதற்கு இலகு. இயந்திரத்தின் அடியில் ஒரு தகடும், கைப்பிடிகளுக்குக் காப்பும் இருக்கவேண்டும். ஆழமான பற்கள் கொண்ட டயர் மண்ணைக் கவ்வும். மழையில் நனைந்த தார் வீதியிலோ வழுக்கும். இரண்டுக்கும் நடுத்தரமான டயரே கொழும்பிலிருந்து புறப்படுவோனுக்கு உகந்தது.

பழைய வண்டியாயின், முன்சில்லைத் தாங்கும் குழாய்களில் எண்ணெய் கசிகிறதா, சில்லின் வளையம் நெளிந்திருக்கிறதா, சட்டகத்தில் வெடிப்போ புதிதாய் ஒட்டிய தடயமோ உண்டா என்று பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கிப் பார்ப்பது முக்கியம். செசி இலக்கமும் இயந்திர இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒத்திராத வண்டி எவ்வளவு மலிவாயினும் வீட்டுக்கு வழக்கையே கொண்டுவரும். உதிரிப்பாகம் பஞ்சிகாவத்தையில் கிடைக்குமா என்று விசாரித்து அறிந்த பின்னரே முற்பணம் கொடுங்கள்.

கவசம் காக்காத இடங்கள்

எந்தக் கவசமும் உதவாத அபாயங்களும் உண்டு. விடுமுறைக்கு வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் செல்லும் நம் பிள்ளைகளுக்குச் செம்மண் வெளியைக் கண்டதும் பாதையை விட்டிறங்க மனம் துடிக்கும். 2002 முதல் மிதிவெடி அகற்றும் பணி நடந்து வருகிறது. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையிலும் இணைந்தது. ஆயினும் அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. மண்டையோட்டுச் சின்னம் பொறித்த சிவப்புப் பலகை உள்ள இடத்தை அணுகவே கூடாது. பலகை இல்லாவிடினும், ஊரார் நாள்தோறும் போய்வரும் பாதையை விட்டு ஓர் அடியும் விலகலாகாது. நக்கிள்ஸ் மலைத்தொடர் போன்ற காப்புக் காடுகளிலும் அனுமதித்த பாதைக்கு அப்பால் சில்லுப் பதித்தல் தகாது. தோட்டப் பாதையிலே, கொழுந்து சுமந்து வரும் தாய்மாருக்கும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் வழிவிட்டு நிற்பதே நாகரிகம்.

வேடிக்கை பார்க்கச் செல்லும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவைப் போட்டியிலே ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று கூட்டத்தில் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட 7 பேரின் உயிரைப் பறித்தது. தடுப்பு இல்லாத வளைவின் ஓரத்தில் குழந்தைகளோடு நிற்கவேண்டாம். உயர்ந்த மேட்டிலிருந்து பார்த்தால் போதும்.

பெற்றோரே! உங்கள் மகனோ மகளோ இந்த ஆசையைச் சொன்னால், முதலில் தலைக்கவசமும் சப்பாத்தும் முழங்கால் கவசமும் வாங்கிக் காட்டும்படி கேளுங்கள். மாதக்கணக்கில் சேமித்து அவற்றை வாங்கி வருகிற பிள்ளை பொறுமையையும் கூடவே வாங்கி வருகிறது. பின்னர் வண்டியைப் பற்றிப் பேசலாம். மாணவர்களே! முதற் பயிற்சியைத் தட்டையான வெறும் நிலத்தில், அனுபவமுள்ள ஒருவரின் துணையோடு தொடங்குங்கள். மலைக்குத் தனியே போகாதீர்கள். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். இவ்வளவும் செய்தால், உங்கள் வண்டியின் ஓசை வாசலில் கேட்கும்வரை அம்மா விழித்திருந்தாலும், அந்த விழிப்பில் பயம் சற்றுக் குறைந்திருக்கும்.