பீட்சா டப்பா பாட்டு!

"எல்லாம் ஓகேப்பா... ஆனா ஏதோ ஒண்ணு குறையுதே!" என்று ஃபைலைத் திருப்பித் தரும் மேனேஜர் உங்களுக்கு மட்டுமா? அமெரிக்க ராக் பாடகர்களுக்கும் உண்டு சார்!

வாரன்ட் என்றொரு கிளாம் மெட்டல் கோஷ்டி. புசுபுசு தலைமுடி, இறுக்கிப் பிடித்த தோல் பேன்ட், அலறும் கிடார். 1989-ல் இவர்களின் 'ஹெவன்' பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 2-ம் இடம். அடுத்த ஆல்பத்தைக் கொஞ்சம் சீரியஸாகச் செய்து, 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்று பெயரும் வைத்திருந்தார் பாடகர் ஜானி லேன். கொலம்பியா கம்பெனியோ, கூட்டமே சேர்ந்து கத்துகிற மாதிரி ஒரு பாட்டு கேட்டது. மனுஷன் ஒரு பீட்சா டப்பா மேலேயே கிறுக்கித் தள்ளினார், 'செர்ரி பை'! 1990-ல் ஆல்பமே அந்தப் பெயரில்தான் வந்தது. அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் போணி. அன்றிலிருந்து அவர் 'செர்ரி பை ஆள்'.

1991-ல் வந்தது நிர்வாணா. கசங்கின சட்டை, சீவாத தலை. ஹேர்ஸ்ப்ரே மார்க்கெட் படுத்துவிட்டது. 1992-ல் வாரன்ட் தந்த 'டாக் ஈட் டாக்', கனமான, இருட்டான ஆல்பம். அவர்கள் போட்டதிலேயே உருப்படி அதுதான் என்பேன். ஆனால் 25-ம் இடத்தோடு சரி. கம்பெனி கைகழுவியது. 1995-ல் 'அல்ட்ராஃபோபிக்'கில் புது அலைக்குத் தக்கபடி சத்தத்தை மாற்றிப் பார்த்தார்கள். ம்ஹூம்!

அந்தப் பாட்டை ஏன்தான் எழுதினேனோ என்று டி.வி. பேட்டியிலேயே நொந்துகொண்டார் லேன். 2011-ல் ஒரு ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தபோது வயது 47.

பீட்சா டப்பாவை? ஹார்ட் ராக் கஃபே ஒன்றில் காட்சிக்கு வைத்தார்கள்.