துப்பாக்கிக்கும் ஜாதகம் உண்டு!

சாயல்குடிப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. கூடத்தில் தேக்குப் பீரோ. பீரோவுக்குள், எண்ணெய்த் துணி சுற்றிய நீளமான ஒரு பொருள். அது தாத்தாவின் வேட்டைத் துப்பாக்கி.

தாத்தா காலமாகிவிட்டார். துப்பாக்கி இருக்கிறது. அது எந்த நாட்டில் செய்தது? அதற்கு வயது என்ன? வீட்டில் யாருக்கும் தெரியாது. "சீமைத் துப்பாக்கி" என்று மட்டும் பாட்டி சொல்லுகிறார்.

இப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பேரன் என்ன செய்ய வேண்டும்?

முதலில், துப்பாக்கியை எடுத்து விளையாடக் கூடாது. உள்ளே தோட்டா இருக்கலாம். இரண்டாவது, லைசென்சு தாத்தாவின் பெயரில் இருந்தது. அவர் இறந்ததும் அந்த உரிமை பேரனுக்குத் தானாக வந்துவிடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைத் தாமதம் இல்லாமல் பக்கத்துப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயருக்கு லைசென்சு கேட்டு விண்ணப்பிக்கலாம். அல்லது முறைப்படி விற்கலாம். இரண்டும் செய்யாமல் கெடு தாண்டிவிட்டால் துப்பாக்கி சர்க்காருக்குப் போய்விடும். பயந்துபோய் பீரோவிலேயே மறைத்து வைத்தாலோ, சிறைத் தண்டனை!

இந்தப் பயத்தால்தான் எத்தனையோ பழைய துப்பாக்கிகள் பேர் ஊர் தெரியாமல் போகின்றன. போலீஸ் நிலையத்தில் கொடுப்பதற்கு முன்பு அதன் மேல் இருக்கும் முத்திரைகளைப் படித்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால், துப்பாக்கியின் ஜாதகம் வீட்டில் தங்கும்.

வளரி போய் துப்பாக்கி வந்தது

ராமநாதபுரம் சீமைக்கு வேட்டை புதிது அல்ல. துப்பாக்கிக்கு முன்பு இங்கே வளரி இருந்தது. பிறை போல வளைந்த எறி ஆயுதம் அது. ஓடும் மானைக் குறி பார்த்து எறிவார்கள். சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்டதாக ஒரு வெள்ளைக்காரரே எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். கம்பெனிப் படை அதிகாரி. கற்றுக்கொடுத்தவரை எதிர்த்தே பின்னால் போருக்கு வந்தார்!

1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கம்பெனி சர்க்கார் பிரகடனம் செய்தது. ஈட்டி, வாள், துப்பாக்கியோடு வளரியும் போயிற்று. இன்று வளரியைப் பார்க்க வேண்டுமானால் மியூசியத்துக்குத்தான் போக வேண்டும்.

பிறகு 1878-ல் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்களுக்கு லைசென்சு கட்டாயம். வெள்ளைக்காரர்களுக்கு வேண்டாம்! சொந்த ஊரில் முயல் சுட உள்ளூர்க்காரன் மனுப் போட வேண்டும். கப்பலில் வந்து இறங்கியவன் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். இதற்குப் பெயர் நியாயமாம். ஜமீன்தார்கள், பெரிய மிராசுதார்கள், உயர் உத்தியோகஸ்தர்கள் போன்றவர்களுக்கே லைசென்சு எளிதில் கிடைத்தது. அவர்கள் வாங்கியவைதான் ஜெர்மனி, ஆஸ்திரியா, இங்கிலாந்து நாடுகளின் வேட்டைத் துப்பாக்கிகள்.

கதவுத் தாழ்ப்பாள் மாதிரி

அந்தத் துப்பாக்கிகளில் பலவற்றுக்கு ஒரே அடையாளம், பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி. அதைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அழுத்த வேண்டும். வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் போலத்தான். இங்கிலீஷிலும் அதற்குத் தாழ்ப்பாள் என்றே பெயர்: "போல்ட்". இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும்.

இந்த முறையை உலகம் முழுவதும் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியைச் சேர்ந்த பால் மவுசர். 1838-ல் பிறந்தவர். துப்பாக்கித் தொழிலாளியின் 13-வது பிள்ளை. ஓபெர்ன்டார்ஃப் என்ற சிற்றூரில் அண்ணன் வில்லெமுடன் சேர்ந்து தொழில் தொடங்கினார். 1898-ல் அவருடைய துப்பாக்கியை ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1901-ல் ஒரு புதுத் துப்பாக்கியைச் சோதித்தபோது விபத்து நடந்தது. ஒரு கண் போய்விட்டது. அதற்குப் பிறகும் தொழிலை விடவில்லை. 1914-ல் இறந்தார்.

மவுசரைக் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. போல்ட்டின் வலது பக்கத்தில் நீளமான ஒரு இரும்புப் பட்டை ஒட்டியிருக்கும். தோட்டாவின் அடியைக் கவ்விப் பிடித்து இழுக்கும் நகம் அது. போல்ட்டின் பின்நுனியில் கொடி போன்ற சின்னப் பூட்டு, இடமும் வலமும் திரும்பும். இந்த இரண்டும் இருந்தால் அது மவுசர் குடும்பம்.

ஆனால் அவசரப்படக் கூடாது! குழலின் மேல் லண்டன் கம்பெனியின் பெயர் இருக்கலாம். அதனால் முழுத் துப்பாக்கியும் லண்டனில் பிறந்தது என்று ஆகாது. லண்டன் ரிக்பி கம்பெனி ஜெர்மனியிலிருந்து மவுசர் பாகங்களை வரவழைத்து, குழலும் கட்டையும் பொருத்தி, தன் பெயரைப் பொறித்து விற்றது. தாய் ஜெர்மனி, வளர்த்தது லண்டன்.

குழல் நுனி வரைக்கும் மரக்கட்டை மூடியிருக்கிறதா? போல்ட்டுக் கைப்பிடி உருண்டையாக இல்லாமல் வெண்ணெய்க் கத்தி போலத் தட்டையாக இருக்கிறதா? அப்படியானால் ஆஸ்திரியாவின் மன்லிகர்-ஷோனவராக இருக்கலாம். இதன் வயிற்றில் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்காது. ராட்டினத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது போல வட்டமாக இருக்கும். ஒவ்வொன்றாகச் சுற்றி மேலே வரும். இதை அமைத்தவர்களில் ஒருவரான மன்லிகர் ரெயில்வே இஞ்சினீயர்!

முத்திரை பேசும்

இனிப் பேரன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளலாம். குழல் போல்ட்டோடு சேரும் இடத்தில் சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். சிலர் இதை அழகுக்குப் போட்டது என்று நினைக்கிறார்கள். அது பரீட்சை முத்திரை. புதுக் குழலில் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல் தாங்கினால் முத்திரை. நகைக்கு ஹால்மார்க் போல.

முத்திரையைப் பார்த்தால் நாடு தெரியும். முட்டை வடிவக் கோட்டுக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகரம். கிரீடத்துக்குக் கீழே பி.பி. அல்லது பி.வி. இருந்தால் பர்மிங்ஹாம். கிரீடத்துக்குக் கீழே ஜி.யும் பி.யும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் லண்டன். ஜெர்மனியிலும் முன்பு கிரீடமும் எழுத்தும்தான். 1940 முதல் கிரீடம் போய், கழுகு வந்தது. ஆகவே கழுகு பொறித்த துப்பாக்கியைக் காட்டி, "முப்பாட்டனார் 1910-ல் வாங்கியது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது அளவு. "7×57" என்று இருந்தால், குழலின் வாய் 7 மில்லிமீட்டர். தோட்டாக் கூடு 57 மில்லிமீட்டர் நீளம். அதே தோட்டாவைத்தான் ரிக்பி கம்பெனி அங்குலக் கணக்கில் ".275" என்று பெயர் மாற்றி விற்றது. பெயர் இரண்டு, தோட்டா ஒன்று.

இந்தியாவுக்கு என்றே ஒரு விசித்திரம் உண்டு. ராணுவத்தின் .303 தோட்டா வெளியார் கைக்குப் போய்விடக் கூடாது என்று வெள்ளைக்கார சர்க்கார் தடுத்தது. அதனால் வேட்டைக்காரர்களுக்காக .315 வந்தது. அது ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய 8 மில்லிமீட்டர் தோட்டா! சுதந்திரத்துக்குப் பிறகு வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் சர்க்கார் தொழிற்சாலையும் .315 துப்பாக்கி செய்தது. பார்ப்பதற்குச் சீமைத் துப்பாக்கி போலவே இருக்கும். பாட்டி சொன்ன "சீமைத் துப்பாக்கி" இஷாப்பூர்த் துப்பாக்கியாகவும் இருக்கலாம். குறைவு ஒன்றும் இல்லை. .303 என்று இருந்தால் மட்டும் கவனம் தேவை. அது இன்றைக்கும் தடை செய்யப்பட்ட ரகம், தண்டனையும் கடுமை.

ஒரு வெள்ளித் தகடு

ஜாதகம் தெரிந்த துப்பாக்கிக்கு என்ன மதிப்பு? ஜிம் கார்பெட்டின் துப்பாக்கியைப் பாருங்கள்.

1907-ல் இமயமலை அடிவாரத்தில் சம்பாவத் என்ற இடத்தில் ஆட்கொல்லிப் பெண் புலியை அவர் சுட்டார். அந்தப் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. ஐக்கிய மாகாண லெப்டினென்ட் கவர்னர் ஹியூவெட், பாராட்டாக ஒரு .275 ரிக்பி துப்பாக்கியைக் கொடுத்தார். கட்டையில் வெள்ளித் தகடு அடித்து, யார் யாருக்கு எதற்காகக் கொடுத்தது என்று பொறித்திருந்தது. 1926-ல் ருத்ரபிரயாகைச் சிறுத்தையைக் கார்பெட் வீழ்த்தியது இந்தத் துப்பாக்கியால்தான்.

கார்பெட் 1955-ல் கென்யாவில் இறந்தார். துப்பாக்கி அவருடைய புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்போர்டு கம்பெனியிடம் இருந்தது. 2015-ல், அதைச் செய்த ரிக்பி கம்பெனியிடமே திரும்பி வந்து சேர்ந்தது. மறு ஆண்டு இந்தியாவுக்கும் வந்து போயிற்று. அதே கம்பெனி விற்ற துப்பாக்கிகள் எத்தனையோ. இதற்கு மட்டும் இவ்வளவு மரியாதை, அந்தச் சின்னத் தகட்டால்.

சாயல்குடி வீட்டுத் துப்பாக்கியில் வெள்ளித் தகடு இருக்காது. நம்பர் இருக்கும். ரிக்பி போன்ற பழைய லண்டன் கம்பெனிகள் நம்பர் வாரியாகப் பேரேடு எழுதி வந்தன. நம்பரைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டால், விற்ற தேதியும் வாங்கியவர் பெயரும் கிடைக்கலாம். போல்ட்டிலும் உடம்பிலும் ஒரே நம்பர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் வேறு துப்பாக்கியின் போல்ட்டை எடுத்து மாட்டியிருக்கிறார்கள். அதைச் சுடுவது ஆபத்து.

துரு என்று நினைத்து மணல் தாள் போட்டுத் தேய்த்தால் முத்திரை அழிந்துவிடும். முத்திரை போனால் ஜாதகமும் போச்சு. சாயல்குடியோ கடலோரத்து ஊர், உப்புக் காற்று. அது போதாது என்று, பழைய காலத்துத் தோட்டாக்களே குழலுக்குள் ஒருவித உப்பை விட்டுச் செல்லும். அது ஈரத்தை இழுத்துத் துரு ஏற்றும். அதனால்தான் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் சுட்ட பிறகு குழலில் கொதிக்கும் வெந்நீர் ஊற்றினார்கள்.

வெளிநாடுகளில் இத்தகைய துப்பாக்கிகளை 20, 30 என்று சேர்த்துச் சுவரில் மாட்டுகிறார்கள். இந்தியாவில் முடியாது. முன்பு ஒருவர் 3 வைத்திருக்கலாம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி 2 ஆகக் குறைத்துவிட்டார்கள். வேட்டையும் இல்லை, 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சாயல்குடிக்குப் பக்கத்தில் மேலச்செல்வனூர்-கீழச்செல்வனூர் கண்மாய் இன்று பறவைகள் சரணாலயம். ஆகவே இங்கே சேர்க்கக் கூடியது துப்பாக்கியை அல்ல, நோட்டுப் புத்தகத்தை. முத்திரைகளைப் படம் எடுத்து ஒட்டி, நம்பரை எழுதி, தாத்தாவின் பழைய லைசென்சையும் கூடவே வைக்கலாம்.

வாரிசுக்கு லைசென்சு கிடைத்தாலும் துப்பாக்கி எப்போதும் வீட்டில் இருக்காது. தேர்தல் அறிவித்ததும் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது கொடுப்பார்கள். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கும்போது, நோட்டில் எழுதிய நம்பரும் துப்பாக்கியில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். போல்ட்டில் உள்ள நம்பரையும் சேர்த்து!