சுவரில் படரும் கறுப்பு



வேதாகமத்தை வரிசையாக வாசிக்கிறவர்களில் பலர் லேவியராகமம் 14-ம் அதிகாரம் வந்ததும் வேகமாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ தோன்றும் கறையைப்பற்றி அங்கே விவரமாகச் சொல்லியிருக்கிறது. ஆசாரியன் வந்து பார்த்து, வீட்டை ஏழு நாள் பூட்டிவைக்க வேண்டும். கறை பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்தெறிந்து, சுவரைச் சுரண்டி, புதிதாகச் சாந்து பூசவேண்டும். இது பூஞ்சணமாக இருக்கலாம் என்று விளக்கவுரையாளர் பலர் கருதுகிறார்கள். அதன்மேல் வெள்ளையடிக்கும்படி மட்டும் சொல்லவில்லை!

நாமோ அதைத்தான் செய்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறிய சுவருக்குக் கிறிஸ்துமஸுக்கு முன் அவசரமாக வெள்ளையடிக்கிறோம். சுவரில் ஈரம் இருக்கும்வரை கறுப்பு மறுபடியும் வரும். தளத்தின் விரிசலையும் ஒழுகும் குழாயையும் அடைப்பதே முதல் வேலை. சுவரையொட்டி நிற்கும் பீரோவின் பின்புறத்தையும் பாருங்கள்.

பூஞ்சணத்தின் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கின்றன. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் இருமலும் இளைப்பும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் அறிவுறுத்தியது.

‘அஸ்பெர்ஜில்லஸ்’ என்ற வகையின் வித்து ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் மூன்று பங்கே இருப்பதால், நுரையீரலின் ஆழம்வரை போய்விடும். இது வெளிக்காற்றிலும் உண்டு. ஈரமான வீடு அதற்கு இன்னுமோர் இடம். பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் ஆஸ்துமாக்காரர் சிலருக்கு இது மூச்சுக்குழாய்ச் சளியிலேயே தங்கி ஒவ்வாமையை உண்டாக்குகிறது. பழுப்பு நிறத்தில் கட்டியான சளி, காய்ச்சல், சில வேளை இரத்தம், எக்ஸ்ரேயில் நிழல். 1952-ல் இங்கிலாந்து மருத்துவர்கள் முதன்முதலாக விவரித்த நோய் இது. நம் நாட்டில் இதைக் காசநோய் என்று எண்ணி, மாதக்கணக்கில் அதற்குரிய மாத்திரைகளை விழுங்கியவர்கள் உண்டு. அதற்குள் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து கெட்டுவிடலாம். தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் செய்து கண்டுபிடித்தால், ஸ்டீராய்டு மாத்திரையாலோ பூஞ்சைக்கு எதிரான மருந்தாலோ கட்டுப்படுத்தலாம். இதைப் படித்துவிட்டு யாரும் காசநோய் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். சளியைப் பரிசோதித்து மருத்துவரே முடிவு செய்யட்டும்.

சுவரைச் சுரண்டும்போது முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த சுவரைச் சுரண்டினால் வித்துக்கள் வீடெங்கும் பறக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாக உலரவிடுங்கள். இளைப்புள்ள பிள்ளையை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.