கணப்படுப்பைச் சூழ்ந்த பேச்சு

ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்களிலே நவம்பர் மாதம் பிறந்ததும் பேஸ்போல் மைதானங்கள் வெறிச்சோடிவிடுகின்றன. புற்றரை வாடுகிறது, சில நாளில் அதன்மேல் பனி மூடுகிறது. அடுத்த வசந்தம் வரும்வரை அங்கே பந்தெறிவாரும் இல்லை, பார்ப்பாரும் இல்லை. ஆயினும் அந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு மட்டும் ஓய்வதில்லை. எந்த வீரரை விடலாம், எவரை எடுக்கலாம், எந்த இளைஞன் தேறுவான், எந்த மூத்தவருக்குத் தளர்ச்சி வந்துவிட்டது, வரும் ஆண்டில் தம் கழகம் எத்தனையாம் இடத்துக்கு வரும் என்பனவே அப்பேச்சின் பொருள்.

இப்பேச்சுக்கு அமெரிக்கர் ஒரு பெயரும் இட்டிருக்கின்றனர். முற்காலத்திலே அந்நாட்டுச் சிற்றூர்க் கடைகளின் நடுவே, குளிரைப் போக்குதற்கென ஓர் இரும்புக் கணப்படுப்பு எரிந்துகொண்டிருக்கும். மாலை வேளையில் ஊரவர் அதனைச் சூழ்ந்து அமர்ந்து, கடந்த கோடையின் ஆட்டங்களை மீண்டும் ஆடித் தீர்ப்பர். பல கழகங்கள் சேர்ந்து போட்டியிடும் அமைப்பை அங்கே 'லீக்' என்பர். அதனையொட்டி இந்தக் கூட்டத்தையும் 'சூட்டடுப்பு லீக்' என்று வேடிக்கையாக அழைத்தனர். இந்த லீக்கில் ஆடுவதற்குக் கைகால்களின் வலிமை வேண்டியதில்லை. நாவும் ஞாபகமும் போதும். காலப்போக்கில் அடுப்பின் இடத்தை வானொலியும் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் பற்றிக்கொண்டன. பெயர் மட்டும் மாறவில்லை.

நெடுங்காலம் ஒரு கழகத்தைப் பின்தொடர்ந்த இரசிகர் இக்கூட்டத்தில் தனியிடம் பெற்றவர். முப்பது, நாற்பது ஆண்டுகளாகப் பார்த்தவர் என்பதால் அவருடைய அபிப்பிராயத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அந்த அபிப்பிராயம் எவ்வளவுக்கு அறிவு, எவ்வளவுக்கு ஆசை என்பது ஆராயத்தக்க கேள்வியாகும்.

கிரிக்கெட்டை அறிந்த நேயர்களுக்குப் பேஸ்போல் முற்றிலும் அந்நியமான ஆட்டமன்று. ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒருவர் பந்தை எறிய, எதிர்ப் பக்கத்தவர் உருண்ட தடியால் அதனை அடிப்பார். அடித்தவர் சாய்சதுரமாக அமைந்த தளங்களைச் சுற்றி ஓடித் தொடங்கிய இடத்தை வந்தடைந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும். மைதானத்து வேலிக்கு அப்பால் விழும்படி அடித்தால் அது ஹோம் ரன். கிரிக்கெட்டின் ஆறு ஓட்ட அடியைப் போன்றது. பெரிய வேறுபாடு ஆட்டங்களின் தொகையில் இருக்கிறது. உயர்நிலை லீக்குகளில் முப்பது கழகங்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஆறு மாதத்துள் 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. பெரும்பாலும் நாள்தோறும் ஆட்டம் உண்டு. 1998 ஆம் ஆண்டிலே 114 ஆட்டங்களை வென்று பெரும் புகழீட்டிய நியூயோர்க் யாங்கீஸ் கழகத்தார்கூட 48 தடவை தோற்றனர்.

நெடுங்கால இரசிகரின் முதல் இடர்ப்பாடு இங்கேதான் தோன்றுகிறது. பத்து முறை அடிக்க நின்று மூன்று முறை நல்ல அடி பெறுபவர் சிறந்த வீரர். இரண்டரை முறை பெறுபவர் சாதாரணர். ஓர் ஆண்டில் 500 முறை நிற்பதாகக் கொண்டால் முன்னவருக்கு 150 அடி, பின்னவருக்கு 125 அடி. ஆறு மாதத்தில் 25 அடிதான் வேறுபாடு. அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய ஓர் அடி. இவ்வளவு சிறிய வேறுபாட்டை வெறுங்கண்ணால் அறிதல் அரிது. கண்ணோ கடைசி வாரத்தில் வேலிக்கு அப்பால் விழுந்த ஒரு பெரிய அடியை மறவாமல் வைத்துக்கொள்கிறது. மே மாதத்தில் சத்தமின்றிப் பெற்ற பத்து அடிகளை மறந்துவிடுகிறது. அடுப்படியில் எழும் பிணக்குகளிற் பல இம்மறதியாலேயே எழுவன.

இம்மறதிக்கு மருந்தாக வந்தது கணக்கு. இங்கிலாந்திலே 1824 இல் பிறந்து சிறுவயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஹென்றி சாட்விக் என்பவர் கிரிக்கெட் செய்திகளை எழுதிவந்த பத்திரிகையாளர். அவரே பேஸ்போலுக்கும் ஆட்டப் பதிவு அட்டவணைகளை வகுத்து வளர்த்தார். அன்று தொட்டு ஒவ்வொரு வீரரின் ஒவ்வொரு நாட்செயலும் எழுத்தில் நின்றது. ஆனால் எதனை எண்ணுவது என்பதிலும் பிழை நேரலாம் அன்றோ? அடித்துப் பெற்ற வெற்றிகளை மட்டும் எண்ணினர். எறிபவர் குறி தவறி நான்கு பந்து எறிந்தால் அடிப்பவர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து செல்லலாம். தீய பந்துகளை அடிக்காது விட்டுப் பொறுத்து நின்று இவ்வாறு தளம் பெறுபவரின் திறமை நெடுங்காலம் போதிய மதிப்புப் பெறவில்லை.

இக்குறையை எடுத்துக் காட்டியவர்களுள் முதன்மையான ஒருவர் ஓர் இரசிகரே. பில் ஜேம்ஸ் என்பவர் கன்சாஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரிலே உணவு தகரத்தில் அடைக்கும் தொழிற்சாலையொன்றில் இராக்காவலராக இருந்தார். நீண்ட இரவுகளில் பழைய ஆட்டப் பதிவுகளைக் கூட்டியும் வகுத்தும் பார்த்து, 1977 இல் தமது முடிவுகளைத் தாமே சிறு நூலாக வெளியிட்டார். முதலில் வாங்கியோர் மிகச் சிலர். ஆண்டுதோறும் நூல் வளர்ந்தது. வாசகர் தொகையும் வளர்ந்தது. அடிக்கும் வீரரின் ஆற்றல் பொதுவாக இருபத்தேழு வயதளவில் உச்சம் பெற்றுப் பின் மெல்லக் குறைகிறது என்பது அவர் நிறுவியவற்றுள் ஒன்று. 2002 ஆம் ஆண்டிலே பொஸ்ரன் ரெட் சொக்ஸ் கழகம் அவரைத் தன் ஆலோசகராக ஏற்றுக்கொண்டது. 2004 இல் அக்கழகம், இரு லீக்குகளின் வெற்றியாளர் மோதும் 'உலகத் தொடர்' என்னும் இறுதிப் போட்டியை வென்றது. ஒரு மனிதராலேயே அவ்வெற்றி வந்தது என்று கூறுதல் தவறு. ஆயினும் அடுப்பைச் சூழ்ந்திருந்தோருள் ஒருவர் தம் அபிப்பிராயத்தைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தமையால், கழகத்தின் ஆலோசனை மண்டபத்துள் இடம்பெற்றார் என்பது உண்மை.

பொஸ்ரன் நகரத்தார் அந்த வெற்றிக்காக 86 ஆண்டுகள் காத்திருந்தனர். அக்காத்திருப்பின் கதையும் ஒரு குளிர்காலத்திலேதான் தொடங்குகிறது. 1918 இல் வெற்றிவாகை சூடிய அக்கழகத்தில் பேப் ரூத் என்ற இளைஞர் இருந்தார். 1919 இல் அவர் 29 ஹோம் ரன் அடித்தார். அதுவரை எவரும் ஓர் ஆண்டில் அவ்வளவு அடித்ததில்லை. ஆயினும் கழகம் அவ்வாண்டு அட்டவணையின் கீழ்ப்பாதியிலேயே நின்றது. உரிமையாளரான ஹாரி பிரேஸி நாடகத் தொழிலிலும் ஈடுபட்டவர். அவருக்குப் பணம் தேவைப்பட்டது. ரூத்தோ கட்டுப்பாட்டுக்கு அடங்காதவர். கூடுதல் சம்பளமும் கேட்டார். 1920 ஜனவரியில் ரூத் நியூயோர்க் யாங்கீஸ் கழகத்துக்கு விற்கப்பட்ட செய்தி வெளியாயிற்று. ரூத் இருந்தும் தோற்ற கழகம் அவரின்றியும் தோற்கலாம் என்று அன்று சிலர் சமாதானம் கூறினர். அடுத்த கோடையிலே ரூத் 54 ஹோம் ரன் அடித்தார். கழகம் தோற்றது ஒரு வீரரின் குற்றமா, அவரைச் சூழ்ந்திருந்தோரின் குறையா என்று பிரித்துப் பார்க்கத் தவறியதே அந்தச் சமாதானத்தின் பிழை.

வயதைப் பற்றிய தீர்ப்பிலும் இருபுறமும் பள்ளம் உண்டு. 1965 டிசெம்பரிலே சின்சினாற்றிக் கழகம் பிராங்க் ரொபின்சன் என்னும் வீரரைப் பால்ற்றிமோர்க் கழகத்துக்குக் கொடுத்தது. அவருக்கு வயது முப்பது. உடலோ வயதுக்கு மீறி மூத்துவிட்டது என்பது உரிமையாளரின் எண்ணம். மறு ஆண்டிலேயே ரொபின்சன் அடித்த விகிதம், ஹோம் ரன், ஈட்டிக் கொடுத்த ஓட்டம் ஆகிய மூன்றிலும் தம் லீக்கில் முதலிடம் பெற்றார். பால்ற்றிமோர் உலகத் தொடரை நான்கு ஆட்டங்களிலும் வென்று கைப்பற்றியது. மறுபுறம் 2011 டிசெம்பரிலே, சென்ற் லூயிஸ் நகரின் கண்மணியாக விளங்கிய அல்பேர்ட் பூஹோல்ஸ் என்பவரை, அவருக்கு முப்பத்திரண்டு வயது நிறையவிருந்த வேளையில், லொஸ் ஏஞ்சலீஸ் ஏஞ்சல்ஸ் கழகம் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 24 கோடி டொலர் கொடுத்து அமர்த்தியது. அவர் பழைய உயரத்தை அங்கே மீண்டும் எட்டவில்லை. ஒப்பந்தம் முடியுமுன்பே, 2021 இல், விடுவிக்கப்பட்டார். முன்னது விதியை ஒரு மனிதர்மேல் அவசரமாகச் சுமத்தியதால் வந்த இழப்பு. பின்னது கடந்தகாலப் புகழுக்கு வருங்காலப் பணத்தைக் கொடுத்ததால் வந்த இழப்பு. பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது விதி பொய்ப்பதில்லை. தனியொருவரைப் பற்றி அது உறுதி கூறுவதுமில்லை. இதனை உணர்ந்த இரசிகர், 'தேறுவார்', 'தேறார்' என்று அறுதியிட்டுக் கூறாது, 'தேறக்கூடும்' என்று கூறப் பழகுகிறார்.

கழகங்களின் எதிர்காலத்தைக் கணிப்பதும் இவ்வாறே. நியூயோர்க் மெற்ஸ் கழகம் 1962 இல் பிறந்த ஆண்டிலேயே 120 ஆட்டங்கள் தோற்று நகைப்புக்கு இடமாயிற்று. 1968 இலும் தோல்விகளே மிகுதி. ஆனால் அதற்குள் ரொம் சீவர், ஜெரி கூஸ்மன் முதலிய இளம் பந்தெறிவோர் அங்கே வந்து சேர்ந்திருந்தனர். 1969 இல் அதே கழகம் 100 ஆட்டங்களை வென்று உலகத் தொடரையும் கைப்பற்றியது. அந்தக் குளிர்காலத்திலே அட்டவணையில் நின்ற இடத்தை மட்டும் பார்த்தவர் ஏமாந்தனர். எத்தனை பேர் வளரும் வயதினர் என்று எண்ணிப் பார்த்தவருக்கு நம்பிக்கை கொள்ள ஓரளவு காரணம் இருந்தது.

இவ்வளவு பேச்சிலும் மறைந்து நிற்பது ஒன்று உண்டு. இவரைக் கொடுத்து அவரை வாங்கலாம் என்று அடுப்படியில் சொல்லும்போது, பேசப்படுபவர் சதுரங்கக் காயல்லர்; வீடும் குடும்பமும் உள்ள மனிதர். பழைய ஒப்பந்த முறையின்படி ஒரு கழகம் தன் வீரரை ஆண்டாண்டாகத் தன்னிடமே கட்டிவைக்கலாம். அவர் விருப்பத்தைக் கேளாமல் வேறு கழகத்துக்கு மாற்றவும் செய்யலாம். 1969 ஒக்டோபரிலே, சென்ற் லூயிஸ் கழகத்திற் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடிய கேர்ட் பிளட் என்ற கறுப்பின வீரர் பிலடெல்பியாக் கழகத்துக்கு மாற்றப்பட்டார். அவர் செல்ல மறுத்தார். அவ்வாண்டு டிசெம்பரில், தம்மை விற்கவும் வாங்கவும் கூடிய உடைமையாகக் கருதலாகாது என்று லீக்குகளின் ஆணையாளருக்கு எழுதினார். பின்னர் வழக்குத் தொடுத்தார். 1972 இல் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்துவிட்டது. எனினும் 1975 டிசெம்பரிலே வேறு இரு வீரரின் பிணக்கில் நடுவர் அளித்த முடிவால் அப்பழைய கட்டு அவிழ்ந்தது. இன்று உரிய காலம் சேவை செய்த வீரர் தம் கழகத்தைத் தாமே தேர்ந்து கொள்ளலாம். அவர் பிரியும்போது நெடுங்கால இரசிகர் 'நன்றி கெட்டவர்' என்று சினப்பதுண்டு. பன்னிரண்டு ஆண்டு உழைத்தவரை ஒரு நாட்காலையில் வேறு ஊருக்குப் போகச் சொன்ன கழகத்தின் நன்றியையும் அவர் அப்போது நினைத்துப் பார்த்தல் தகும்.

கழகமும் இரசிகரைக் கைவிடுவதுண்டு. நியூயோர்க் நகரைச் சேர்ந்த புறூக்ளின் பகுதியின் டொட்ஜர்ஸ் கழகம் 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் இறுதிப் போட்டியில் யாங்கீஸ் கழகத்திடம் தோற்றது. ஒவ்வொரு தோல்வியின் பின்பும் அப்பகுதி மக்கள் 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று தம்மைத் தேற்றிக்கொண்டனர். அது அவர்களுடைய பழமொழியே ஆயிற்று. 1955 இல் அந்த ஆண்டும் வந்தது; யாங்கீஸ் வீழ்ந்தது. ஆனால் 1957 ஒக்டோபரிலே கழகம் லொஸ் ஏஞ்சலீஸ் நகருக்குப் போவதாக அறிவிக்கப்பட்டது. அந்தக் குளிர்காலத்திலே புறூக்ளின் மக்களுக்குப் பேசுவதற்கு அடுத்த ஆண்டு ஒன்று இருக்கவில்லை. அதுவரை தாம் பேசிய பேச்சு வெறும் பொழுதுபோக்கு அன்று என்பதை அப்போது அவர்கள் நன்கு உணர்ந்திருப்பர்.

மற்ற ஊரவர்க்கு அடுத்த ஆண்டு இன்னும் உண்டு. பெப்ரவரி நடுப்பகுதியில் புளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி தொடங்கும். அடுப்பைச் சுற்றிச் சொல்லிய தீர்ப்புகள் அனைத்தும் அங்கிருந்து மைதானத்துக்கு வந்து சேரும். சொன்னதை மறவாமல் வைத்திருந்து, கோடையின் முடிவில் எங்கே பிழைத்தோம் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் இரசிகரின் வாய்ச்சொல்லுக்கே மறுகுளிர்காலத்தில் மதிப்பு உயரும்.